பாவலரின் மேடை: ஏலமலைச் சரிவின் பாட்டுக்காரர்கள்

இளையராஜா என்று பேச்செடுத்தால் நம் இளைஞர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஓர் அணிக்கு அவர் இசைக் கடவுள், பிறவி ஞானி. இன்னோர் அணிக்கு அவர் நம்மை விட்டு விலகிப்போனவர். 2022 ஏப்ரலில் அண்ணல் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்டு வந்த நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையும், அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவைக்கு அவர் நியமிக்கப்பட்டதும் இந்த இரண்டாம் அணியின் கோபத்தைக் கூட்டின. அந்த விவாதம் நியாயமானதுதான். அம்பேத்கரின் பெயரை யார் எதற்காக எடுத்தாலும் நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இரண்டு அணியின் பேச்சிலும் ஒரே குறை இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். இரண்டுமே அவரைத் தன்னந்தனி மனிதராகப் பார்க்கின்றன. புகழ்கிறவர்களுக்கு அவர் வானத்திலிருந்து விழுந்தவர். இகழ்கிறவர்களுக்கும் அவர் ஒற்றை மனிதர், அவருடைய கருத்து மட்டுமே கணக்கு. இடையில் காணாமல் போவது ஒரு மலைச்சரிவு, அதில் உழைத்த ஒரு மக்கள் கூட்டம், அந்த மக்களுக்காக ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறிய ஒரு பாட்டுக்காரர். அவர் பெயர் பாவலர் வரதராசன். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியும் அவர் நின்ற மேடையைப் பற்றியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இளையராஜா தன்னைச் சாதி அடையாளத்தோடு முன்வைத்துக்கொள்ள விரும்பியவர் அல்ல. ஒரு மனிதர் தன்னை எப்படி அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். எங்கள் கேள்வி அவருடைய அடையாளம் பற்றியதல்ல. அந்தக் கலை எந்த மண்ணில், யாருடைய உழைப்பில், எந்த அரசியலில் வளர்ந்தது என்பதே எங்கள் கேள்வி. அது அவருடைய தனிப்பட்ட விஷயம் அல்ல. அது நம் எல்லோருடைய வரலாறு.

மலையும் தரையும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது ராசிங்காபுரம். அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை. மேற்கே பார்த்தால் நெடுஞ்சுவர் போல மலை. மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டம், மிளகு, காப்பி. ஏறுவதற்குப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று பாதைகள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக ஒரு சாலை வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் பல பத்தாண்டுக் கோரிக்கை.

வரைபடத்தில் இது இரண்டு மாநிலம். உழைக்கிறவர்களுக்கு ஒரே ஊர். இன்றைக்கும் விடிவதற்கு முன்பே போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்புகள் தோட்டத்துக்குக் கிளம்புகின்றன. உள்ளே நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வளைவில் ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் நாளிதழில் ஒரு மூலையில் செய்தி வரும். அவர்கள் பறித்த காய் போடிக்கும் புற்றடிக்கும் ஏலத்துக்கு வருகிறது. அங்கிருந்து உலகம் முழுக்கப் போகிறது.

இந்த மலைப்பொருளாதாரம் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால்தான் இந்த மண்ணின் பாட்டு புரியும். 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு வெட்டப்பட்டது. காப்பி, சிங்கோனா, ஏலம் என்று பலவற்றை நட்டுப் பார்த்துக் கடைசியில் தேயிலை நிலைத்தது. வேலைக்கு ஆள் கீழிருந்து போனார்கள். நிலமில்லாத, கூலிக்கும் வழியில்லாத தலித் மக்கள்தான் அவர்களில் பெரும்பகுதி. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். அந்தக் கடன் லேசில் அடையாது. தோட்டத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய லயங்களில் ஒரே அறையில் ஒரு குடும்பம். பிள்ளை பிறந்து வளர்ந்து அதே தோட்டத்தில் கூடையைத் தூக்கும்.

அவர்கள் பறித்த தேயிலை மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து போடிக்கு, போடியிலிருந்து துறைமுகத்துக்கு, துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்கு. 1928-இல் மதுரை - போடி ரயில் பாதை வந்ததற்குப் பின்னாலும் மலைப்பொருள் வணிகம்தான் இருந்தது. சரக்குக்கு வழி முதலில் வந்தது. மனிதருக்கு வழி இன்னும் முழுசாக வரவில்லை.

1958: தேவிகுளத்தில் ஒரு பாட்டுக்காரர்

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு போயின. தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்திருந்த பகுதி அது. மறு ஆண்டு கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி வென்று, 1957 ஏப்ரல் 5-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை 60. ஆதரவு தந்த சுயேச்சைகள் 5 பேர். நூலிழைப் பெரும்பான்மை.

தேவிகுளத்தில் வென்றவர் ரோசம்மா புன்னூஸ். எதிர் வேட்பாளர் பி.கே. நாயரின் வேட்புமனு தவறாகத் தள்ளப்பட்டது என்ற வழக்கில் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. இந்த ஓர் இடம் போனால் ஆட்சிக்கே ஆபத்து என்ற நிலை. நாடே அந்த மலையைப் பார்த்தது.

வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள். தலைவர்களின் மலையாளப் பேச்சு லயத்துக்குள் எவ்வளவு தூரம் போகும்? அந்த இடத்துக்குத்தான் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் போனார். அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர், பாட்டைக் கட்டுகிறவரும் அவரே. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாட்டுப்புற மெட்டையும் சினிமா மெட்டையும் எடுத்து, அதில் கூலியையும் கங்காணியையும் வாக்கையும் வைத்துப் பாடுவார். மெட்டு தெரிந்ததால் கேட்பவர் உடனே கூடப் பாடுவார். சொல் புதிதாக இருந்ததால் யோசிப்பார். எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களிடம் அரசியலைக் கொண்டுபோக இதைவிட நேரான வழி அந்தக் காலத்தில் இல்லை. இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பங்கு உண்டு என்று இந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள்.

இதை அந்தக் காலத்தோடு வைத்துப் பாருங்கள். தேவிகுளம் இடைத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1957 செப்டம்பர் 11-இல், பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆதிக்கத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றதுதான் அவர் செய்த குற்றம். அப்படிப்பட்ட ஒரு காலத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஊர்ப் பொதுவில் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஆயிரம் பேருக்கு முன்னால் முதலாளியைக் கேலி செய்து பாடுகிறார். பாட்டின் வரிக்கு முன்பாக அந்த மேடையில் ஏறி நின்றதே ஓர் அரசியல். சாவுக்குப் பறையடிக்கவும் திருவிழாவுக்குக் கொட்டடிக்கவும் மட்டும் கூப்பிடப்பட்ட மக்களில் ஒருவர், யாரும் ஏவாமல், தன் பாட்டைத் தானே எழுதித் தானே பாடினார்.

ஒரு பள்ளிக்கூடம்

அந்தக் குழுவில் கடைக்குட்டிகளாகப் பயின்றவர்கள்தான் ஆர்.டி. பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த ராசய்யா, 14 வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராகச் சுற்றினார். நேருவின் மறைவுக்குக் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசையமைத்ததே அவருடைய முதல் முயற்சி என்று சொல்வார்கள். அதுவும் இந்தக் குழுவில் இருந்த காலத்தில்தான்.

ஒரு மேடையில் கூட்டம் எப்போது கலையும், எந்த இடத்தில் கைதட்டும், எந்த மெட்டுக்குப் பாட்டி தலையாட்டும், எதற்குக் குழந்தை ஆடும் - இதை எந்த இசைக் கல்லூரியும் சொல்லித் தராது. பத்தாண்டு மேடை சொல்லித் தந்தது. வீட்டிலோ அம்மா சின்னத்தாயம்மாள் பாடிய தாலாட்டும் காட்டு வேலைப் பாட்டும் இருந்தன. சகோதரர்கள் சென்னைக்குப் போகப் பணமில்லாதபோது வீட்டில் இருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுக் கொடுத்தவர் அந்த அம்மா. இதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

சென்னைக்குப் போன பிறகும் எதுவும் தானாக நடக்கவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வை எழுதினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி' 1976-இல்தான் வந்தது. அதாவது அண்ணனின் குழுவில் கால் வைத்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து. இதை 'அருள்' என்று ஒரே சொல்லில் முடிப்பது அந்த 18 ஆண்டு உழைப்பை அழிப்பதாகும். ஒரு தலித் பிள்ளை மருத்துவம் படித்தால் 'சலுகை' என்கிறார்கள். இசை படித்தால் 'வரம்' என்கிறார்கள். இரண்டு சொல்லும் செய்கிற வேலை ஒன்றே. நாம் உழைத்துக் கற்றோம் என்பதை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அது.

'அன்னக்கிளி'யைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை. பின்னால் சகோதரர்கள் தங்கள் படநிறுவனத்துக்குப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1981-இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அந்த நிறுவனத்தின் படம். திரையில் அந்தப் பெயரைப் பார்த்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அது தேவிகுளம் மலையில் பாடிய ஒரு பாட்டுக்காரரின் பெயர் என்று தெரிந்திருக்கும்?

திரையில் கரகம், தெருவில் கலவரம்

1989-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு கங்கை அமரன் இயக்கத்தில், இளையராஜா இசையில் 'கரகாட்டக்காரன்' வந்தது. தமிழ்நாடே கொண்டாடியது. நாட்டுப்புறக் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று எழுதினார்கள். அதே 1989-இல்தான் போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. குடும்பங்கள் ஊரை விட்டு ஓடின.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஓர் உண்மை தெரிகிறது. நம் கலையை ரசிக்கிற சமூகம் நம்மை மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மெட்டு பொதுவாகிவிடும். சேரி தனியாகவே இருக்கும். ஒலிபெருக்கியில் நம் ஆள் இசையமைத்த பாட்டு ஓடும் அதே திருவிழாவில், நம் தெருவுக்குத் தேர் வராது. ஆகவே, 'நம்மில் ஒருவர் பெரிய ஆளாகிவிட்டார்' என்பது மட்டுமே விடுதலை ஆகாது. இதனால்தான் தனி மனிதரைக் கொண்டாடும் வரலாறு போதாது என்கிறோம். பாவலரின் மேடை கேட்டது கைதட்டலை மட்டும் அல்ல. கூலியைக் கேட்டது, வாக்கைக் கேட்டது, மக்கள் ஒன்றுசேர்வதைக் கேட்டது.

அதேபோல, அந்த மேடையையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டியதில்லை. இடதுசாரி இயக்கம் கூலியைப் பாடிய அளவுக்குச் சாதியைப் பாடவில்லை என்பது நம் இயக்கங்கள் நெடுநாளாக வைக்கும் விமர்சனம். தொழிலாளி என்று சொன்னால் போதும், சாதி தானாக மறையும் என்று நம்பியதன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடத்தை நிரப்பியது அடுத்த தலைமுறை.

பறை மேடைக்கு வந்த கதை

பறைக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று, ஊர் ஏவலுக்கு அடித்த வரலாறு. சாவுச் செய்தி சொல்ல, பிணத்துக்கு முன்னால் நடக்க, கூலி என்று எதுவும் பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொள்ள. அந்த ஏவலை எதிர்த்து, 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்களும் ஊர்விலக்கத்துக்கு ஆளானவர்களும் உண்டு. அது ஒரு போராட்டம்.

இன்னொன்று, அதே பறையைத் தம் விருப்பத்தில் கையில் எடுத்த வரலாறு. சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புறப் பாட்டையும் ஆய்வையும் ஒரே ஆளாகச் சுமந்தவர். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. 'பலியாடுகள்' நாடகமும் 'வடு' தன்வரலாறும் எழுதினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 2016-இல் மறைந்தார். மதுரையில் இறையியல் கல்லூரியில் இருந்தபடி தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில், கிராமத்து மெட்டில் விடுதலைப் பாட்டுக் கட்டினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டும் தொட்ட கருவியைப் பெண்கள் தோளில் மாட்டி ஆடியபோது சாதியோடு ஆணாதிக்கமும் சேர்ந்தே அடி வாங்கியது. 2025-இல் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்று சாதியின் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டன.

பறையை வைத்தது சரியா, எடுத்தது சரியா என்று நம் கூட்டங்களில் இன்றும் வாதம் நடக்கிறது. இரண்டும் சரி என்பதே எங்கள் நிலை. அடிக்கச் சொல்லி ஏவும்போது கீழே வைப்பதும், அடிக்காதே என்று தடுக்கும்போது கையில் எடுப்பதும் ஒரே மானத்தின் இரண்டு செயல். முடிவு நம் கையில் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். பாவலர் ஆர்மோனியத்தில் செய்ததும் இதைத்தான்.

மலைப்பெண்களின் முழக்கம்

இந்த வரலாற்றில் ஆண்களின் பெயராகவே எழுதிக்கொண்டு போகிறோம் என்பது எங்களுக்கே உறுத்துகிறது. நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் பாடியவர்கள் பெண்கள். ஒப்பாரி முழுக்கப் பெண்களின் இலக்கியம். ஆனால் மேடைக்கு வந்தது ஆணின் பெயர்.

2015 செப்டம்பரில் மூணாறு இதை மாற்றிக் காட்டியது. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். கேட்டது 20 சதவீத போனசும் 500 ரூபாய்க் கூலியும். ஆண்கள் தலைமை வகித்த தொழிற்சங்கங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், அதிலும் தலித்துகள். தமிழில் அவர்களே கட்டிய முழக்கங்கள் கேரளம் முழுக்கக் கேட்டன. 20 சதவீத போனஸ் கிடைத்தது. 1958-இல் அதே மலையில் பாவலர் அவர்களுக்காகப் பாடினார். 57 ஆண்டுகள் கழித்து அவர்களின் பேத்திகள் தங்களுக்காகத் தாங்களே முழங்கினார்கள். இந்தத் தொடர்ச்சியை எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களிலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே பெரும்பான்மை. நூறாண்டு கடந்தும் லயம் லயமாகவே இருந்தது. அந்த வீடுகளோடு, யாரும் பதிவு செய்யாத எத்தனை பாட்டுகள் மண்ணுக்குள் போயின என்று யார் கணக்கிடுவது?

2025 மார்ச் 8-இல் லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. ஒரு காலத்தில் இந்த மலையின் தேயிலை போடி வழியாக இறங்கி அதே நாட்டுக்குத்தான் கப்பலேறியது. பறித்தவர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் எழுதப்படவில்லை. இந்த முறை ஒரு பெயர் போய்ச் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். மற்றப் பெயர்களை எழுதும் வேலை நம்முடையது.

செய்ய வேண்டியது

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறோம். பெரிய பணமோ அனுமதியோ தேவையில்லாதவை.

உங்கள் தெருவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டுக்காரரை, கொட்டுக்காரரை, ஒப்பாரி பாடும் ஒரு பாட்டியைத் தேடுங்கள். அவர்களின் சம்மதத்தோடு கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் அல்ல. யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார், எந்தத் தோட்டத்தில், கூலி என்ன, அதையும் கேளுங்கள். பெண்ணாக இருந்தால் 'இன்னாரின் மனைவி' என்று எழுதாதீர்கள், அவர் பெயரை எழுதுங்கள். பதிவின் ஒரு படியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அது அவருடைய சொத்து.

பாவலரின் பாட்டுகளைக் கேட்டவர்கள் போடி, தேவாரம், கோம்பை பக்கத்திலும் மலைமேல் லயங்களிலும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம்.

அடுத்த முறை இளையராஜாவைப் பற்றிச் சண்டை வந்தால், புகழ்கிறவரிடமும் திட்டுகிறவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'பாவலர் வரதராசனைத் தெரியுமா?' தெரியாது என்றால் உட்கார வைத்துச் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

ஜெய் பீம்.